நோய் முடிந்தது என்று எழுதியபின் ஆடிய பல்

"3.6.2021, வியாழன். மேல் வரிசை, இடது பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது பல் ஆடுகிறது. மோட்டாருக்கு வாஷர் மாற்ற வேண்டும். பின்கதவுத் தாழ்ப்பாள் இறுகிவிட்டது, எண்ணெய் விட வேண்டும்."

எங்கள் வீட்டு நோட்டில் என் கையெழுத்தில் இருக்கும் குறிப்பு இது. சேலையூரில் எங்கள் வீட்டில், முழு ஊரடங்கு நடந்துகொண்டிருந்த நாட்களில், காலைக் காபி குடித்துவிட்டு எழுதினேன். என் உயிரைக் கேட்டு வந்த விஷயம், ஒரு வாஷருக்கும் தாழ்ப்பாளுக்கும் மேலே, அதே அளவு எழுத்தில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது.

முதலில் இந்த நோட்டுகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் முப்பது வருடமாக உண்டு. சேலையூர் ஏரி எந்த நாளில் நிரம்பியது, தாம்பரம் சுரங்கப்பாதையில் எந்த மழைக்குத் தண்ணீர் நின்றது, மாடம்பாக்கம் கோயில் கல்வெட்டுகளைப் பார்க்க எத்தனை முறை போனேன், எல்லாம் என்னிடம் இருக்கும். எங்கள் தேவாலய சபையின் ஐம்பது வருட வரலாற்றைத் தொகுத்துக் கொடுத்ததும் நான்தான். யாராவது "அது எப்ப நடந்துச்சு?" என்று கேட்டால் எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழும்பும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு. மழை, வெயில், தூசி எல்லாம் வானிலை நோட்டில். குழாய், மோட்டார், பெயின்ட், பல் எல்லாம் வீட்டு நோட்டில். பல் எப்படி அங்கே போனது என்று கேட்பீர்கள். பல் டாக்டரிடம் போவதை நான் எப்போதும் பழுதுபார்க்கும் வேலையாகவே நினைத்திருந்தேன்.

அந்த மே மாதத்தில் மூன்றாவதாக ஒரு நோட்டு திறந்தேன். எனக்குக் கொரோனா. ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் ஆறு நாள் ஆக்ஸிஜனோடு படுத்திருந்துவிட்டு, ஒரு கட்டு மாத்திரைகளோடு வீட்டுக்கு வந்தேன். காய்ச்சல், ஆக்ஸிஜன் அளவு, நாடித்துடிப்பு, குடித்த கஞ்சி, எல்லாவற்றையும் மணி போட்டு உடல் நோட்டில் எழுதினேன். எங்கள் சபையில் அந்த மாதம் இறந்தவர்களின் பெயர்களையும் நான்தான் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. ஒரே பக்கத்தில் அது அடங்கவில்லை. அதில் என் பெயர் இல்லாமல் போனதற்கு நன்றி சொல்லிக்கொண்டே எழுதினேன்.

மே 24, திங்கட்கிழமை, நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்தது. உடல் நோட்டில் "நோய் முடிந்தது" என்று எழுதி, சிவப்பு மையில் ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டு, நோட்டை அலமாரியில் வைத்தேன். என் மனைவி பள்ளி ஆசிரியை. அப்போது ஆன்லைன் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். மைக்கை அணைத்துவிட்டு, "என்னங்க, கொரோனாவுக்கே ஃபேர்வெல் குடுத்துட்டீங்களா?" என்று சிரித்தாள்.

மூன்று நாள் கழித்து வானிலை நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வெயில் கடுமை. எதிர் மனையில் மண் கொட்டியிருக்கிறார்கள், ஒரே தூசி. இடது மூக்கு அடைப்பு." அடுத்த வாரம் பல் ஆடியது, அது வீட்டு நோட்டுக்குப் போனது. அதற்குப் பிறகு ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடியில் இடது கன்னத்தில் ரத்தம் வழிவதைப் பார்த்தேன். பிளேடு ஆழமாகவே கிழித்திருந்தது. எனக்குத் தெரியவே இல்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலுக்குக் கன்னம் தெரிந்தது, கன்னத்துக்கு விரல் தெரியவில்லை. வேறு யாருடைய முகத்தையோ தொடுவது போல இருந்தது.

இதை எந்த நோட்டில் எழுதுவது என்று யோசித்தேன். வானிலை இல்லை, வீடும் இல்லை. உடல் நோட்டை மூடியாயிற்று. அதனால் எழுதவில்லை. எழுதாத ஒன்றை இரண்டு நாளில் மனசும் ஓரமாகத் தள்ளிவிட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கறுப்புப் பூஞ்சை நோய் பற்றி அந்த நாட்களில் செய்தித்தாள்களில் தினமும் வந்தது. கொரோனா வந்து போனவர்களுக்கு, அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு, மூக்கு வழியாகப் புகுந்து தாடையையும் கண்ணையும் தின்றுவிடுகிறது என்று படித்தேன். எனக்கும் சர்க்கரை உண்டு, ஆரம்ப நிலை. அந்தச் செய்திகளை ஒன்று விடாமல் கத்தரித்து, தேதி எழுதி ஃபைலில் ஒட்டினேன். பிற்காலத்தில் யாராவது இந்த வருடத்தைப் பற்றி எழுதினால் உதவுமே என்ற எண்ணம். பசை தடவும்போது இடது கண்ணுக்குக் கீழே ஒரு கனம் இருந்துகொண்டே இருந்தது. கசக்கிவிட்டுக்கொண்டே ஒட்டினேன். படித்தது எல்லாம் வேறு யாருக்கோ நடப்பது. நான்தான் முடிந்துவிட்டது என்று கோடு போட்டவன் ஆயிற்றே.

என் கைக்குட்டையைத் துவைக்க எடுத்த மனைவிதான் அதை விரித்துப் பார்த்தாள். காய்ந்த காப்பித்தூள் போலப் பழுப்பும் கறுப்புமாகக் கறை. ஜூன் 11, வெள்ளிக்கிழமை காலை. அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"வாயைத் திறங்க."

"பல்லுதான் ஆடுதுன்னு சொன்னேனே. ஊரடங்கு முடிஞ்சதும் போய்ப் பிடுங்கிக்கலாம்."

"எங்கிட்ட எங்க சொன்னீங்க? நோட்டுகிட்ட சொல்லியிருப்பீங்க. திறங்க."

செல்போன் வெளிச்சத்தைப் பிடித்து அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். நான் மோட்டுவளையில் இருந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள், இரண்டு முறை குனிந்து பார்த்தாள். பிறகு ஒரு படம் எடுத்துக் காட்டினாள். மேல் அண்ணத்தில் இடது பக்கம், ஒரு புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாக இருந்தது. "காபிக் கறையா இருக்கும்" என்றேன். எனக்கே என் குரல் பொய்யாகக் கேட்டது.

கேம்ப் ரோடு பக்கம் எங்களுக்குப் பல வருடமாகப் பழக்கமான பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். முப்பத்தைந்து வயது இருக்கும் பெண். கிளினிக்கை மூடி வைத்திருந்தார். மனைவி போனில் சொன்னதும் மறுமுனையில் அவர் கேட்டது ஒரே கேள்வி: "என்னைக்கிலேருந்து?" என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்த்தாள். "எல்லாம் எழுதி வச்சிருக்கார் டாக்டர், கொண்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, கைக்கு அகப்பட்ட மூன்று நோட்டையும் பையில் போட்டாள்.

அடுத்த தெருவில் இருக்கும் ஆட்டோக்காரர் மருத்துவத் தேவைக்கு என்று பதிவு செய்துகொண்டு வண்டி எடுத்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தவர், "இன்னா சார், பல்லு வலிக்கா மூஞ்சி இப்டி ஒரு பக்கமா ஏறிக்கீது?" என்றார். அதுவரை வீக்கம் இருப்பது எனக்குத் தெரியாது.

பல் டாக்டர் முழுப் பாதுகாப்பு உடைக்குள் மூடிக்கொண்டு காத்திருந்தார். நான் நாற்காலியில் சாய்ந்ததும் வழக்கம்போல ஆரம்பித்தேன். "மூணாம் தேதி, வியாழக்கிழமை. மேல் இடது, பின்னாலேருந்து மூணாவது பல்லு." தேதி சொன்னதில் அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பெருமை இருந்திருக்க வேண்டும்.

அவர் அந்தப் பல்லை மட்டும் அசைத்துப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் விரலால் பிடித்தார். ஒன்றை அசைத்தால் மூன்றும் அசைந்தன. பற்களை மட்டும் பிடித்து ஆட்டுவது போல இல்லை, தாடையில் ஒரு துண்டே கழன்று தனியாக நகர்வது எனக்குக் காதுக்குள் கேட்டது. கரக் என்று ஒரு சத்தம். அவர் கையை எடுத்துவிட்டார்.

"கண்ணை மூடிக்கங்க சார். நான் பஞ்சால கன்னத்தைத் தொடுவேன். தொட்டதும் சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். வெளியே ஆட்டோக்காரர் இருமுவது கேட்டது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"டாக்டர், இன்னும் தொடலையே?" என்றேன்.

என் மனைவி "கர்த்தாவே" என்று சொன்னது மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் கன்னத்தின் மேலே இருந்தது. அவர் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவு பயத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. மூச்சுத் திணறிப் படுத்திருந்த நாட்களில்கூட என் உடம்பு என்னோடுதான் இருந்தது. இப்போது அதில் ஒரு பகுதி எனக்குத் தெரியாமலே போய்விட்டிருந்தது, அது எவ்வளவு தூரம் என்றும் எனக்குத் தெரியாது.

"கோவிட் வந்துச்சா சார்?"

"வந்துச்சு. முடிஞ்சிடுச்சு. மே இருபத்தி நாலு, திங்கட்கிழமை."

மனைவி மூன்று நோட்டையும் எடுத்து நீட்டினாள். டாக்டர் கையுறையை மாற்றிக்கொண்டு, கருவிகள் வைக்கும் தட்டைக் காலி செய்துவிட்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தார். ஒரு விரலை உடல் நோட்டின் இரட்டைக் கோட்டில் வைத்தார். அங்கிருந்து வானிலை நோட்டுக்கு: மூக்கு அடைப்பு. அங்கிருந்து வீட்டு நோட்டுக்கு: பல். "கன்னம் எப்ப மரத்துச்சு?" என்று கேட்டார். அதற்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை.

"சார், இது மூணு இல்ல. ஒண்ணுதான்" என்றார். "கோவிட்டோட வாலு. அதை நீங்க மூணு நோட்டுல வெட்டி வச்சிருக்கீங்க."

அவர் திட்டவில்லை. அப்படியே மெதுவாகத்தான் சொன்னார். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தார், எண்ணை என்னிடம் காட்டாமல் மனைவியிடம் காட்டினார். பல்லைத் தொட மாட்டேன் என்றார். ஒரு தாளில் வேகமாக எழுதி உறையில் போட்டு, நகரத்துக்குள் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னார். "வீட்டுக்குப் போய் டிரெஸ் எடுத்துட்டுப் போறேன்னு நினைக்காதீங்க. இப்படியே போங்க. இது நாள் கணக்குல நகராது சார், மணிக்கணக்குல நகரும்."

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். எப்போது வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாசலில் நின்ற ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "அது வர்றதுக்குள்ள நான் கிண்டி தாண்டிருவேன், ஏறு சார்" என்றார். என் மனைவியிடம், "அக்கா, அளுவாத. சாரைப் புட்ச்சிக்கோ" என்றார்.

ஜி.எஸ்.டி. ரோடு காலியாகக் கிடந்தது. குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் என்று எல்லாம் ஒரு கனவில் போவது போலப் போயின. என் மனைவி என் இடது கையைப் பிடித்திருந்தாள். அவள் பிடித்திருப்பது தெரிகிறதா என்று ஒவ்வொரு சிக்னலிலும் சோதித்துக்கொண்டே வந்தேன். தெரிந்தது. கண்ணை ஒவ்வொன்றாக மூடிக் கடைப் பலகைகளைப் படித்தேன். வலது கண் படித்தது. இடது கண்ணும் படித்தது, ஆனால் எழுத்துகளுக்கு ஓரத்தில் நிழல் விழுந்திருந்தது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். அண்ணத்திலிருந்து சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். மாலைக்குள் சொல்லிவிட்டார்கள்: கறுப்புப் பூஞ்சை. இடது மேல் தாடை எலும்பு செத்துவிட்டது. கண் குழியின் தரைவரை வந்திருக்கிறது, உள்ளே இன்னும் போகவில்லை. நான் ஒட்டி வைத்திருந்த செய்திகளில் இருந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாக ஒரு டாக்டர் வாயிலிருந்து வந்தன.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர், மூட்டை தூக்கும் வேலை. வலது கண்ணை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். நான் வந்து படுத்ததும் ஒற்றைக் கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாண்ணா, பல்லா?"

தலையாட்டினேன்.

"எனுக்குக் கண்ணு. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆளு தேறும்."

சிரித்துவிட்டேன். சிரித்தபோது தாடை நகர்ந்தது.

அந்த நோய்க்கான ஊசி மருந்துக்கு அப்போது எங்கும் தட்டுப்பாடு. வந்தபோது பங்கிட்டுத்தான் போட்டார்கள். அது உடம்பில் ஏறும்போது குளிர் தூக்கித் தூக்கிப் போடும். கட்டில் ஆடும் சத்தத்தை வைத்தே யாருக்கு ஊசி ஏறுகிறது என்று சொல்லிவிடலாம். எதிர் வரிசையில் ஒரு கட்டில் காலையில் பார்த்தபோது காலியாக இருந்தது. யாரும் கேட்கவில்லை. பெரும்பாக்கத்துக்காரர் மட்டும், "பயந்துகினு இருந்தா மட்டும் உட்டுருமா இது? துன்னுட்டுத் தூங்குண்ணா" என்றார். சொன்னவர் தூங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அறுவை சிகிச்சைக்கு முன் கையெழுத்து வாங்க வந்த டாக்டர், தேவைப்பட்டால் கண்ணையும் எடுப்போம் என்று சொல்லித்தான் வாங்கினார். என் மனைவியும் போட்டாள். மயக்க மருந்து ஏறும்வரை கூரையில் இருந்த விளக்கை இடது கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் கடைசியாகப் பார்ப்பதாக இருந்தால் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று.

கண் தப்பியது. இடது மேல் தாடையும், அதில் இருந்த பற்களும், அண்ணத்தில் பாதியும் போயின. முதல் முறை தண்ணீர் குடித்தபோது அது மூக்கு வழியாக வந்தது. பேச வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவளுக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டபோது, புரிந்தது போலத் தலையாட்டினாள். அவளுக்குப் புரியவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

பிறகு மாதக்கணக்கில் மாத்திரை, ஸ்கேன், மறுபடி ஒரு சின்ன அறுவை. அண்ணத்து ஓட்டையை மூடப் பற்கள் வைத்த ஒரு பிளேட் செய்து கொடுத்தார்கள். அதை மாட்டினால் பேசுகிறேன், சாப்பிடுகிறேன். கழற்றினால் என் வாய் என் மூக்கோடு ஒன்றாகிவிடும். வீக்கமும் மூக்கடைப்பும் வந்த கொரோனாக்காரர்கள் எங்கள் சபையில் நான்கைந்து பேர் இருந்தார்கள். அவர்களை எல்லாம் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து அண்ணத்தைப் பார்த்தவள் என் மனைவிதான். யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. பெரும்பாக்கத்துக்காரர் இன்றும் போன் செய்வார். "அண்ணா, பேசு, கேக்குதான்னு பாக்குறேன்" என்பார். நான் பேசுவேன். "கேக்குது, கேக்குது" என்பார்.

பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. காலையில் பல் துலக்குவதற்கு முன், மிச்சம் இருக்கும் பற்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்ப்பேன். பிறகு கன்னத்தில் விரல் வைத்து, விரலைப் பார்க்காமல், தெரிகிறதா என்று காத்திருப்பேன். எந்த வைரஸ் காய்ச்சல் வந்தாலும், அது போய்விட்டது என்று நான் சொல்வதே இல்லை. மூன்று மாதத்துக்கு வாயையும் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. வார்டில் சேர்ந்த அன்று ஒரு டாக்டர், "ஸ்டீராய்டு மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். அதிகம் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், பூஞ்சைக்கு அது வழி விடும் என்று பிறகு புரிந்தது. உடல் நோட்டில் மே 24-ஆம் தேதிவரை காலையும் மாலையும் மாத்திரை சாப்பிட்டதைக் குறித்திருக்கிறேன். அன்றே நிறுத்திவிட்டதாக எனக்கு ஞாபகம். மாத இறுதிவரை, அட்டை காலியாகும்வரை, தானே எடுத்துக் கொடுத்ததாக மனைவிக்கு ஞாபகம். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று எழுதியிருந்த டிஸ்சார்ஜ் தாள், உடல் நோட்டுக்குள் செருகி வைத்திருந்தது, ஸ்கேனுக்கும் வார்டுக்கும் நடுவே எங்கோ தொலைந்துபோனது. அந்தச் சின்ன மருத்துவமனையை மறு வருடம் மூடிவிட்டார்கள். மருந்துக் கடையில் கேட்டேன், அவர்களிடமும் இல்லை.

அவள் இதைப் பற்றி என்னிடம் கேட்பதில்லை. ஆனால் நான் பிளேட்டைக் கழற்றிக் கழுவும்போது, சில நாள், பக்கத்தில் வந்து நிற்பாள். "அன்னைக்கே நிறுத்திட்டோம், எனக்கு நல்லா தெரியும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் நிம்மதியாகப் போய்விடுவாள். பல முறை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். எனக்கு நல்லா தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னதில்தான் இந்தத் தாடை போயிற்று.

ஆகவே எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: ஸ்டீராய்டு மாத்திரை நிறுத்திய தேதி, உறுதி செய்யப்படவில்லை. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் தேதி சொன்ன எனக்கு, என் மனைவிக்குத் தேவைப்படும் அந்த ஒரே தேதியைச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.